வீடு வேண்டாம் என்று சொன்ன பிள்ளை

பயிற்சிப் பட்டறை என்றால் எனக்கு முதலில் நினைவு வருவது பற்றீஸ்தான். வலயக் கல்வி அலுவலகத்தின் மேல்மாடியில் எங்களைக் குழு குழுவாக உட்கார்த்தி வைப்பார்கள். குழுவுக்கு ஒரு பெரிய டிமைத் தாள், ஒரு மார்க்கர் பேனா. 'மாணவரைச் சிந்திக்கத் தூண்டுவது எவ்வாறு?' என்று மேலே எழுதுவோம். கீழே எழுத ஒன்றும் வராது. நாங்களும் வாயைத் திறக்காமல் படித்து, வாயைத் திறக்காமல் சோதனை எழுதி, ஆசிரியராகி வந்தவர்கள்தானே. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருக்கையில் பற்றீஸும் தேத்தண்ணியும் வந்துவிடும். பிறகு யாராவது எழும்பி எல்லாருக்கும் தெரிந்ததை வாசிப்பார். கை தட்டிவிட்டு, மழை வருமுன் பஸ் பிடிக்க ஓடுவோம்.

இப்படி எத்தனை பட்டறைக்குப் போனேன் என்று எனக்கே கணக்கில்லை. பிள்ளைகளைப் பேசவைக்கும் வழிகளை விதம்விதமாகச் சொன்னார்கள். பேசிவிட்டால் அதற்குப் பிறகு டீச்சர் என்ன செய்ய வேண்டும் என்று மட்டும் ஒருவரும் சொல்லித் தரவில்லை.

நான் பெண் பாடசாலை ஒன்றில் குடியுரிமைக் கல்வி படிப்பிக்கிறேன். கடலுக்குக் கிட்டவாக இருக்கிற ஊர், அதைவிடக் கிட்டவாக இருக்கிற பாடசாலை. காலையில் கூட்டிவிட்டுப் போன மணல் இடைவேளைக்குள் திரும்பவும் வகுப்புக்குள் வந்து குந்திக்கொள்ளும். மின்விசிறி சுற்றும், காற்று வராது. ஓய்வு பெறும் வயது கிட்டிவிட்டது. கால் வீங்குகிறது. முன்னர் ஒரு பாடத்தை நின்றுகொண்டே முடித்தவள், இப்போது கதிரையைத் தேடுகிறேன். ஆனாலும் ஒரு பழக்கத்தை மட்டும் விடவில்லை. பாடம் முடியும்போது, 'இதில உங்கட கருத்து என்ன?' என்று கேட்பேன்.

கேட்டதும் வகுப்பு அப்படியே அடங்கிவிடும். முன்வரிசைப் பிள்ளை பர்தாவின் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொள்ளும். பின்வரிசையில் ஒன்று பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளிவிட்டுச் சிரிக்கும். யாரையாவது எழுப்பினால், "டீச்சர், இதுக்குப் புள்ளித்திட்டத்தில என்ன போட்டிரிக்கி?" என்று திருப்பி என்னையே கேட்பார்கள். குறை சொல்ல முடியாது. காலையில் நான், பின்னேரம் ரியூஷன். ரியூஷனில் கேள்வியையும் கொடுத்து விடையையும் கொடுத்து விடுகிறார்கள். வீட்டிலே பெரிய ஆட்கள் கதைக்கும்போது வாயைப் பொத்திக்கொண்டு இருப்பதுதான் அதபு, மரியாதை. இந்த இரண்டுக்கும் நடுவிலே நான் ஒருத்தி, கருத்து எங்கே, கருத்து எங்கே என்று கேட்டுக்கொண்டு திரிகிறேன்.

எனக்கும் பிடிவாதம் கொஞ்சம் கூடத்தான். ஒரு முறையை உண்டாக்கினேன். முதலில் கருத்தைச் சொல்ல வேண்டும். பிறகு இரண்டு காரணம். கடைசியில், இதற்கு எதிரானவர்கள் என்ன சொல்வார்கள் என்று ஒன்று. பிள்ளைகள் அதையும் பாடமாக்கிக்கொண்டு வந்தார்கள். பிளாஸ்ரிக் பாவனை நல்லதா கூடாதா என்று கேட்டால் முப்பது பேரும் கூடாது என்பார்கள், முப்பது பேரும் ஒரே இரண்டு காரணம் சொல்வார்கள். அன்று எனக்கு அலுத்துவிட்டது. இடைவேளைக்குப் பிந்திய பாடவேளை, வெயில் யன்னலால் வந்து மேசையில் விழுந்திருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்.

"பொம்புளப் புள்ளைக்கு வீடு குடுக்கிற வழக்கம் எங்களுக்கு வேணுமா, வேணாமா?"

எங்கள் கிழக்குக் கரையில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த வீட்டைப் பெண்ணின் பெற்றோர் கட்டிக் கொடுக்க வேண்டும். முஸ்லிம் ஊர்களில் மட்டுமில்லை, பக்கத்தில் காரைதீவுத் தமிழ் ஆட்களிடமும் இதுதான் நடைமுறை. மூத்தவளுக்குக் கலியாணம் முடிந்தால் உம்மாவும் வாப்பாவும் மற்றப் பிள்ளைகளும் தட்டுமுட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு பின்வளவில் ஒரு சின்ன வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்தவளுக்கு அடுத்த வீடு. பெண் பிள்ளை பிறந்தால் கல்லும் சீமெந்தும் கூடவே பிறந்த மாதிரித்தான். இதை யாரும் சரி என்றும் சொல்வதில்லை, பிழை என்றும் சொல்வதில்லை. அது பாட்டுக்கு நடக்கும்.

கேட்டுவிட்டு நானே கொஞ்சம் பயந்தேன். புத்தகத்தில் இல்லாத கேள்வி, புள்ளித்திட்டத்திலும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளை உடனே எழும்பினாள்.

"வேணும் டீச்சர். வீடு எங்கட பேரில இரிந்தா ஒருத்தரும் எங்கள வெளிய போ எண்டு செல்ல ஏலா. மாப்பிள்ள சண்ட பிடிச்சா அவர்தான் போகணும்."

வகுப்பு சிரித்தது. நல்ல காரணம் என்று எனக்கும் பட்டது. இன்னும் இரண்டு மூன்று பேர் அதையே வேறு வேறு மாதிரிச் சொன்னார்கள். அப்போதுதான் யன்னல் பக்கத்தில் இருந்த பிள்ளை கையை உயர்த்தினாள். அந்த வருடம் முழுதும் அவளுடைய குரலை நான் கேட்டதில்லை. வரவு கூப்பிட்டால்கூடத் தலையைத்தான் அசைப்பாள்.

"எனக்கு வீடு வேணா டீச்சர். இது என்ட கருத்து" என்று தொடங்கினாள். "மூத்தவ ராத்தாக்கு வீடு கட்டத்தான் வாப்பா கட்டாருக்குப் போன. நான் அப்ப முதலாம் ஆண்டு. ராத்தாட கலியாணத்துக்கு வந்து ஒரு மாசம் நிண்டிட்டு, இப்ப என்ட வீட்டுக்காகப் போயிரிக்கார். இது முதலாவது காரணம். என்ட வீடும் முடிஞ்சா நான் மாப்பிள்ளையோட இரிப்பன். அப்ப வாப்பாவோட எப்ப இரிக்கிற? இது ரெண்டாவது. வீடு வேணா, வாப்பா வரட்டும்."

ஒரு மூச்சு எடுத்தாள். முறையை அவள் மறக்கவில்லை.

"எதிரான ஆக்கள் செல்லுவாங்க, வீடில்லாட்டி என்ன ஒருத்தரும் முடிக்க மாட்டாங்க எண்டு. அதும் சரிதான்."

சரிதான் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். பிறகு வகுப்பு கலகலத்தது. எல்லாரும் ஒரே நேரத்தில் கதைக்கத் தொடங்கினார்கள். ஒருத்தியின் வாப்பா சவூதியில், ஒருத்தியின் காக்கா குவைத்தில் தங்கச்சிமாருக்காக. ஒருத்தி சொன்னாள், வீட்டுக் கடன் முடியாமல் உம்மாவே வெளிநாடு போனா என்று. ஒருத்தி யன்னல் பக்கத்துப் பிள்ளையோடு வாதாடினாள். முதலில் பேசிய பிள்ளை, வீட்டை ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டினால் என்ன என்று தன்னுடைய கருத்தையே மாற்றினாள். "டீச்சர், ஒங்களுக்கும் வீடு தந்ததானே?" என்று பின்வரிசையில் இருந்து கேள்வி வந்தது.

"ஓம். இப்ப நான் இரிக்கிறது அந்த வீட்டிலதான்" என்றேன். என் வாப்பா அதற்காக வயலை விற்றதையும், பின்பக்கத்து அறையிலேயே மௌத்தானதையும் சொல்லவில்லை.

சத்தம் கேட்டுப் பாடசாலை அதிபர் வாசலில் வந்து நின்றார். அவருக்கு நல்ல வகுப்பென்றால் சத்தமில்லாத வகுப்பு. என்ன பாடம் என்று கேட்டார். குடியுரிமைக் கல்வி என்றேன். "சிலபஸ முடிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அது உறைக்கவே இல்லை. அன்று அவ்வளவு சந்தோசம். வீட்டுக்குப் போகிற வழியில் மீன் வாங்க மறந்துபோனேன். இரவு முட்டை பொரித்துத்தான் சாப்பிட்டோம்.

அந்தச் சந்தோசம் கனநாள் நிற்கவில்லை. ஒரு பின்னேரம் மஃரிபுத் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தி, குசினிப் பக்கத்துக் கதவில் ஒரு பெண் வந்து நின்றார். கறுப்பு அபாயா, கையில் போன். அந்தப் பிள்ளையின் உம்மா என்று சொன்னார். உள்ளே வரச் சொல்லி, கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றப் போனேன்.

"தேத்தண்ணி வேணா டீச்சர். புள்ளைட வாப்பா பத்து நாளாப் போன் எடுக்கல்ல."

வெள்ளிக்கிழமை கட்டாரில் லீவு நாள். ஜும்ஆத் தொழுகை முடிந்து அவர் வீட்டுக்கு அழைப்பார். ஒவ்வொருவராகக் கதைப்பார்கள். இந்தப் பிள்ளையின் முறை வந்தால், 'சுகம் வாப்பா, ஓம் வாப்பா, சரி வாப்பா' என்று சொல்லி உம்மாவின் கையில் போனைக் கொடுத்துவிடுவாள். அந்தப் பாடத்துக்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை கொடுக்கவில்லை. வகுப்பில் சொன்னதை, அதே இரண்டு காரணத்தோடு, வாப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அவர் கடைசி வரைக்கும் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் போனை வெட்டினார். அதற்குப் பிறகு அழைப்பும் இல்லை, அனுப்பிய செய்திகளுக்குப் பதிலும் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படியே போய்விட்டது.

"கேட்டா ஒங்கட பேரத்தான் செல்றாள். கருத்த ஒளிக்காமச் செல்லணுமெண்டு டீச்சர்தான் படிப்பிச்ச எண்டு. நான் ஒங்களக் குத்தம் செல்ல வரல்ல. நீங்க கதைக்கச் சொன்னீங்க, கதைச்சிட்டாள். இப்ப நீங்களே அவளுக்குச் செல்லுங்க, அது பிழையெண்டு. அவருக்கிட்ட மாப்புக் கேக்கச் செல்லுங்க. ஒங்கட சொல்லத் தட்ட மாட்டாள்."

சொல்லிவிட்டு அழத் தொடங்கினார். அழுகிற ஆளிடம் முறை, காரணம் எல்லாம் எப்படிச் சொல்வது. நாளைக்குக் கதைக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன். உண்மையைச் சொன்னால், அந்த நேரத்தில் அவர் எதைக் கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன். எனக்குக் கால் நோவு, தலைநோவு, பள்ளிவாசலில் பாங்கும் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த நாள் இடைவேளையில் பிள்ளையை விஞ்ஞான அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே ஒருவரும் இல்லை. முகம் கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றோம். எப்படித் தொடங்குவது என்று வழி முழுதும் யோசித்துக்கொண்டுதான் வந்தேன். கடைசியில் நேராகவே சொன்னேன்.

"வாப்பாட்ட நீ அப்பிடிச் சொல்லியிரிக்கப்படா, மகள்."

"என்னத்துக்கு டீச்சர்? என்ட காரணம் பிழையா?"

"காரணம் பிழையில்ல."

"மத்தப் பக்கம் செல்றதையும் சொன்னன்தானே?"

"சொன்ன. ஆனா அவருக்கு நொந்திரிக்கும்."

"தெரியும் டீச்சர்" என்றாள். "அதாலதான் முதல்ல வகுப்பில சொல்லிப் பாத்த. அழாமச் செல்ல ஏலுமா எண்டு பாக்க."

விஞ்ஞான அறையில் முதுகில்லாத முக்காலிதான். அதில் உட்கார்ந்தேன். என் பாடம் வென்றுவிட்டது, பல வருடத்து உழைப்புக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நான் மீனைக்கூட மறந்து நடந்த அந்த நாளில், இந்தப் பிள்ளை தன் வாப்பாவிடம் கதைக்கப் போகிற ஒன்றை எங்கள் முன்னால் ஒத்திகை பார்த்திருக்கிறாள். பிழையென்று சொல்லச் சொல்லித்தான் அவளுடைய உம்மா கேட்டார். எங்கே பிழையென்று தேடினேன். கிடைக்கவில்லை. மணி அடித்தது, அவளை வகுப்புக்கு அனுப்பிவிட்டேன்.

உம்மாவுக்குப் போன் எடுத்து, என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை என்றேன். "அப்ப என்ட புருசனுக்கு நீங்களே விளங்கப்படுத்துங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். கோபம்தான். கோபப்படத்தானே செய்வார்.

என்னுடைய இலக்கத்தை அவரே புருசனுக்கு அனுப்பியிருப்பார் போல. வெள்ளிக்கிழமை பின்னேரம் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நிற்கும்போது வெளிநாட்டு இலக்கம் ஒன்றில் இருந்து அழைப்பு வந்தது. ஸலாம் சொல்லி, இன்ன பிள்ளையின் வாப்பா என்றார். ஏச்சு வாங்கத் தயாராக ஈரச் சாரியைக் கொடியில் அப்படியே போட்டுவிட்டு நின்றேன்.

"டீச்சர், அவள் வகுப்பிலயும் இதச் சொன்னாளா?"

"ஓம்."

"எப்பிடிச் சொன்ன? அழுதுக்கிட்டா?"

"இல்ல. எழும்பி நிண்டு, நல்லாக் கதைச்சாள். எல்லாப் புள்ளைகளும் கேட்டுக்கொண்டு இரிந்தாங்க."

அவருடைய அறையில் யாரோ சட்டியில் கரண்டி போடுகிற சத்தம் கேட்டது. வேறு ஆட்கள் சிரித்துக் கதைத்தார்கள். அவர் எழும்பி வெளியே போனார் போல, சத்தம் குறைந்தது.

"அவள் கதைச்சி நான் கேட்டதே இல்ல டீச்சர். 'ஓம் வாப்பா'வத் தவிர ஒண்டும் கேட்டதில்ல. நான் கோவத்தில போன வெட்டல்ல. என்ன செல்ற எண்டு தெரியல்ல. மறுகா எடுக்கவும் வெக்கமாப் போச்சி. அவள் சொன்னது பிழையில்ல. விளங்குது. ஒண்டு கேக்கட்டா? நீங்க படிச்ச ஆள். வீடு வேணா எண்டா, நான் இவ்வளவு காலமும் இஞ்ச என்னத்துக்கு இரிந்த?"

கேள்விகளோடு காலம் தள்ளினவள் நான். இப்படி ஒரு கேள்வி என்னிடம் வந்ததில்லை. அந்த மனிதருக்கு என்ன சொல்ல? வீணாகத்தான் இருந்தீர்கள் என்று சொல்லவா? இல்லை, வீடு பெரிய விசயம், பிள்ளைக்கு விளங்கவில்லை என்று சொல்லவா? இரண்டாவதைச் சொல்லியிருந்தால் அவர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார், அது எனக்குத் தெரியும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "அவளிட்டயே கேளுங்க" என்றேன். பிள்ளை கேள்வி கேட்டால் பதிலைச் சொல்லாதே, இன்னொரு பிள்ளையிடம் திருப்பிவிடு என்று பட்டறையில் சொல்லித் தருவார்கள். அந்தப் பழக்கம்தானோ, வேறு வழியில்லாமல்தானோ, இன்று வரைக்கும் எனக்குத் தெரியாது.

"சரி டீச்சர், கேக்கிறன்" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

கிழமை தொடங்கியதும் உம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. குரலே மாறியிருந்தது.

"அல்ஹம்துலில்லாஹ் டீச்சர்! அண்டைக்கு இரவே அவர் போன் எடுத்தார். ரெண்டு பேரும் கனநேரம் கதைச்ச. எனக்கு வீடு வேணும் வாப்பா எண்டு செல்லிட்டாள். ஜன்னலுக்கு என்ன கலர் அடிக்கிற, முன்னுக்குப் பூமரம் வைக்க இடம் விடுவீங்களா எண்டெல்லாம் கேட்டுக்கிட்டிரிந்தாள். அவருக்குச் சந்தோசம் எண்டாச் சொல்ல ஏலாத சந்தோசம். எல்லாம் நீங்க கதைச்சதாலதான்."

நான் ஒன்றும் கதைக்கவில்லை என்று சொன்னேன். அவர் அதைக் கணக்கெடுக்கவில்லை. பின்னேரம் மூத்த மருமகனிடம் ஒரு சட்டி வட்டிலப்பம் கொடுத்து அனுப்பியிருந்தார். பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன்.

மறுநாள் பாடம் முடிந்து பிள்ளைகள் போனபிறகு அவளை நிற்கச் சொன்னேன். புத்தகங்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் ஒரு குழப்பமும் இல்லை.

"கருத்து மாறிட்டா, மகள்?"

"இல்ல டீச்சர். மாறல்ல."

"அப்ப வாப்பாட்ட…"

"வாப்பா ஒரு கேள்வி கேட்டார். அதுக்குச் செரியான பதில் எனக்குத் தெரியும். யோசிச்சிப் பாத்தன். அதச் செல்லிட்டா அவருக்கு அங்க ஒண்டும் மிஞ்சாது." புத்தகங்களைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தாள். "வீட்டக் கட்டட்டும் டீச்சர். நான் இனி அவருக்கிட்ட இதக் கதைக்க மாட்டன்."

ரியூஷனுக்கு நேரமாகுது என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் அந்த வகுப்பில் கொஞ்ச நேரம் இருந்தேன். கூட்டுகிற பிள்ளைகள் வந்து, "டீச்சர், எழும்புறீங்களா?" என்று கேட்டபிறகுதான் எழும்பினேன். இதைவிட நன்றாகச் சிந்திக்க ஒரு பிள்ளைக்கு யார் சொல்லிக் கொடுக்க முடியும்? அதை நினைத்தால் பெருமையாக இல்லை. பதினாறு வயதுப் பிள்ளை, தன் வாப்பாவை எங்கே வைப்பது, தன் கருத்தை எங்கே வைப்பது என்று தனியே இருந்து முடிவெடுத்திருக்கிறாள். எனக்கு அழுகைதான் வந்தது.

அந்த வகுப்பு இப்போது நன்றாகப் பேசுகிறது. கருத்துக் கேட்டால் கைகள் உயர்கின்றன, வாதாடுகிறார்கள், புள்ளித்திட்டம் எங்கே என்று யாரும் கேட்பதில்லை. போன மாதம் வலய அலுவலகத்திலிருந்து வந்த சேவைக்கால ஆலோசகர் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, மற்றப் பாடசாலைகளுக்கும் இந்த வகுப்பைக் காட்ட வேண்டும் என்றார். யன்னல் பக்கத்துப் பிள்ளையும் கையை உயர்த்துகிறாள். நான் அவளைப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை அவளிடம் கேட்கத் துணியாமல், அவளுக்குப் பின்னால் இருக்கிற பிள்ளையைக் கேட்கிறேன்.